சி மொழி தந்த டென்னிஸ் ரிட்சி

சி லேப்பில் ஒரு செமிகோலன் விட்டுப்போனதற்கு அரை மணி நேரம் திண்டாடுகிறோமே, அந்த மொழியை உருவாக்கியவர் யாரென்று கேட்டால் பாதிப் பேர் திருதிருன்னு முழிப்போம். அவர்தான் டென்னிஸ் ரிட்சி.

1941 செப்டம்பர் 9-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் இயற்பியல் படித்துவிட்டு, 1967-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். 1969-ல் கென் தாம்சன் யூனிக்ஸைத் தொடங்கியபோது ரிட்சி தோள் கொடுத்தார். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உயிர்நாடியான கெர்னலை 1973-ல் சி மொழியிலேயே திருப்பி எழுதினார்கள்.

இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. நான் சொல்ல வந்தது வேற.

1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு வந்தது. வாங்கியவர்கள் தங்களிடம் உள்ள டிஸ்க்குக்கும் டேப்புக்கும் தக்கபடி கெர்னலைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான வழிகாட்டியை சார்லஸ் ஹேலியும் ரிட்சியும் எழுதினார்கள். புதுக் கெர்னலில் தப்பு இருந்தால் மெஷின் எழுந்திருக்காது. எழுந்திருக்காத மெஷினில் உட்கார்ந்து தப்பைத் திருத்துவது எப்படி? அதனால், ஓடிக்கொண்டிருக்கும் 'யூனிக்ஸ்' கோப்பை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, புதியதை 'என்யூனிக்ஸ்' என்ற பெயரில் வைத்து பூட் செய்து பார்க்கச் சொன்னார்கள். புதுசு மக்கர் பண்ணினால், பூட் செய்யும்போது பழைய கெர்னலின் பெயரைக் கொடுத்து உள்ளே வந்துவிடலாம். புதுசு ஒழுங்கா ஓடுதுன்னு திருப்தியான பிறகுதான் பழசை நீக்க வேண்டும். (மல்லாங்கிணத்துக்காரங்களுக்கு இது புரியாதா? புதுக் கிணத்துல ஊத்து பார்க்காம யாரு பழசைத் தூர்ப்பா!)

இன்று லினக்ஸ் கெர்னல் கட்டுகிற நமக்கும் இதே கதைதான். க்ரப் மெனுவில் பழைய கெர்னல் இருக்கான்னு பார்த்துட்டு ரீபூட் பண்ணணும். ஒரு சூட்சுமம்: கெர்னல் கோப்பு மட்டும் பத்தாது, அதன் மாட்யூல்களும் வேணும். புதுசுக்கும் அதே பதிப்புப் பெயர் இருந்தால் பழைய மாட்யூல்கள் மேலேயே புதுசு ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம் பழைய கெர்னல் பூட் ஆனாலும் நெட்வொர்க் வராமல் போகலாம். கம்பைல் செய்யும் முன்பே பெயரோடு ஒரு வால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிட்சிக்கும் தாம்சனுக்கும் 1983-ல் டூரிங் விருது கிடைத்தது. 2011 அக்டோபரில், தனியாக வசித்த வீட்டில் ரிட்சி இறந்து கிடந்தார். நாமெல்லாம் அப்போ பால்வாடி! ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உலகம் அவருக்கு அழுத அளவு இவருக்கு அழவில்லை.

ஒரு வேடிக்கை. 1968-ல் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டை பைண்டு பண்ணி ஹார்வர்டு நூலகத்தில் கொடுக்காமலே விட்டுட்டார் மனுஷன். பட்டமும் வரவில்லை. தொலைந்ததாக நினைத்த அந்த ஏட்டின் பிரதி அவர் குடும்பத்தார் மூலம் கிடைத்து, 2020-ல்தான் எல்லோரும் படிக்கும்படி வெளியானது.