டாக்டர் அம்பேத்கரும் தேசத்தின் மின்கம்பியும்

சட்ட நிபுணர், தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் என்றே டாக்டர் பீமராவ் அம்பேத்கரை நம் நாட்டார் அறிவர். இத்தேசத்தின் மின்சார அமைப்புக்கு அஸ்திவாரமிட்டவர்களில் அவரும் ஒருவர் என்பதை அறிந்தவர் சிலரே. மின்சாரம் யாருடைய உடைமையாக இருக்கவேண்டும், அதை எவ்வித நிபந்தனைகளுக்கு உட்படுத்த வேண்டும், அதன் பொறுப்பு மத்திய சர்க்காருடையதா மாகாணங்களுடையதா என்ற கேள்விகளை, தேசம் முழுவதும் கம்பிகள் இழுக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே சர்க்காரின் சபையில் எழுப்பியவர் அவர். சோமனூரில் கூலிக்குக் காடாத்துணி நெய்யும் விசைத்தறிக்காரர்கள் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கூடும்போது எழுவதும் அக்கேள்விகளே. ஆகவே, அப்பெரியாரின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத இப்பகுதியைப் பொதுத்தொண்டர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

1891-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி மத்திய இந்தியாவில் மௌ என்ற ராணுவ முகாமில் அவர் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்தில் சுபேதார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவும், பொதுக்குழாயைத் தொட்டுத் தண்ணீர் குடிக்கவும் உரிமை மறுக்கப்பட்ட குழந்தை, பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-ம் வருஷம் அமெரிக்கா சென்று, கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் கற்றார். பின்னர் லண்டனில் டாக்டர் பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார்.

அவருடைய ஆராய்ச்சிகளில் இரண்டை இங்கே கவனிக்க வேண்டும். 1918-ல் அவர் சிறு நிலவுடைமைகளைப் பற்றி எழுதினார். நிலங்கள் துண்டுபட்டுக் கிடப்பதற்கு மூலகாரணம், அளவுக்கு மீறிய ஜனங்கள் விவசாயம் ஒன்றையே நம்பியிருப்பதுதான் என்றும், அதற்கு மருந்து கைத்தொழில் வளர்ச்சியே என்றும் அதில் நிறுவினார். 1925-ல் வெளியான மற்றொரு நூல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சியை ஆராய்ந்தது. பணமும் அதிகாரமும் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையே எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதே அதன் பொருள். கைத்தொழில் வேண்டும் என்ற முடிவும், அதிகாரப் பங்கீட்டைப் பற்றிய நுட்பமான அறிவும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன. இந்தச் சேர்க்கையின் பயன் பின்னர் மின்சாரத் துறையில் வெளிப்பட்டது.

1942-ம் வருஷம் ஜூலை மாதம் அவர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா அங்கத்தினராகப் பதவியேற்றார். மின்சாரமும் அந்த இலாகாவின் பொறுப்பில் இருந்தது. அக்காலத்து நிலைமை என்ன? நகரத்துக்கு நகரம் ஒரு கம்பெனி, லைஸென்ஸ் பெற்று, லாபம் கிடைக்கும் தெருக்களுக்கு மட்டும் மின்சாரம் அளித்து வந்தது. கிராமங்கள் இருளில் கிடந்தன. சென்னை மாகாணம் இதற்குச் சற்று விலக்கு. இங்கே சர்க்காரே 1932-ல் பைகாராவிலும், 1937-ல் மேட்டூரிலும், 1944-ல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்களை ஏற்படுத்திக் கம்பித் தொடர்களையும் தன் உடைமையாக வைத்துக்கொண்டது. பைகாரா மின்சாரம் வந்த பின்னர்க் கோயமுத்தூர்ப் பிரதேசத்தில் பஞ்சாலைகள் பெருகியதை நம் முன்னோர் கண்ணாரக் கண்டனர். கருமேகம் பொய்த்தாலும் கம்பி பொய்க்காதென்ற நம்பிக்கை அந்த வறண்ட பூமியில் பிறந்தது.

1943-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி, யுத்தத்துக்குப் பிந்திய புனர்நிர்மாணத்துக்காக அமைக்கப்பட்ட மின்சாரக் கொள்கைக் குழுவின் முதல் கூட்டம் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் நடந்தது. எத்தனை நிலையங்கள் கட்டலாம் என்ற கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. மின்சாரம் தனியாருடையதாக இருக்கவேண்டுமா, சர்க்காருடையதாக இருக்கவேண்டுமா? தனியாருடையதானால், பொதுஜன நன்மையைக் காக்க எந்த நிபந்தனைகள் தேவை? பொறுப்பு மத்திய சர்க்காருடையதா, மாகாணங்களுடையதா? விரயமின்றி மலிவாகவும் ஏராளமாகவும் மின்சாரம் கிடைக்கச் செய்யும் நிர்வாக முறை எது? இவற்றையே அவர் குழுவின் முன் வைத்தார். மின்சாரமின்றிக் கைத்தொழில் இல்லை. கைத்தொழிலின்றி வறுமையிலிருந்து விமோசனம் இல்லை என்பது அவருடைய வாதம். விளக்கு எரிவதைவிட வயிறு நிறைவதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

கேள்விகளோடு காரியமும் தொடர்ந்தது. 1944-ல் மத்திய தொழில்நுட்ப மின்சக்தி போர்டு ஏற்பட்டது. தாமோதர் நதித் திட்டத்தை வங்காளம், பீஹார், மத்திய சர்க்கார் மூவரும் சேர்ந்து நடத்தும் முயற்சிக்கு அவர் வழிவகுத்தார். நதி மாகாண எல்லையைக் கவனித்து ஓடுவதில்லை, மின்சாரமும் அப்படியே. ஆகவே மாகாணங்களைக் கடந்த வட்டாரங்களாக மின்சாரத்தை வளர்ப்பதே சிக்கனம் என்ற கொள்கை அக்காலத்திலேயே வலுப்பெற்றது. பிரிட்டனிலும் சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான மின்சார ஸ்தாபனங்களை, 1926-ம் வருஷத்துச் சட்டத்தினால் அமைந்த பொது போர்டு ஒரே கம்பித் தொடரில் இணைத்திருந்தது.

1946-ல் அவர் அப்பதவியிலிருந்து விலகினார். மின்சார விநியோக மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றும் பொறுப்பு ஸ்ரீ காட்கிலுக்குச் சேர்ந்தது. 1948-ம் வருஷத்து அச்சட்டமே மாகாணங்களில் மின்சார போர்டுகளுக்கும் மத்திய மின்சார அதிகார சபைக்கும் பிறப்பளித்தது. அதே காலத்தில் டாக்டர் அம்பேத்கர் அரசியல் சட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். 1935-ம் வருஷத்துச் சட்டத்தைப் போலவே அதிலும் மின்சாரம் பொதுப்பட்டியலில் இடம் பெற்றது. 38-வது இனம் அது. மின்சார உபயோகத்தின் மீதும் விற்பனையின் மீதும் வரி விதிக்கும் உரிமையோ மாகாணங்களின் பட்டியலில் நின்றது. ஒருவர் மட்டும் எஜமானராகிவிடாதபடி இருவருக்கும் பொதுவாக வைத்த ஏற்பாடு இது.

1956-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலை முதல் தேதியன்று சென்னை மாகாண மின்சார போர்டு தோன்றியது. அவர் காணாத மாறுதல்கள் பின்னர் வந்தன. 1989-ல் மத்திய சர்க்கார் தன் கம்பிகளுக்கென்று ஒரு கார்ப்பரேஷனை நிறுவியது. பவர்கிரிட் என்று இன்று வழங்குவது அதுவே. 1998-ம் வருஷத்துச் சட்டமும் 2003-ம் வருஷத்துச் சட்டமும், சர்க்கார் கையிலிருந்த கட்டண அதிகாரத்தை ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு மாற்றின. 2012-ம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது, தனித்து இயங்கிய தென்னாட்டுத் தொடர் தப்பியது. 2013 டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர் – சோலாப்பூர்க் கம்பியினால் தெற்கும் இணைந்து, தேசம் முழுவதும் ஒரே தொடராயிற்று. 2021-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நமது புகலூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் பெருங்கம்பியும் திறக்கப்பட்டது.

இன்று உடைமை பலருடையது. பவர்கிரிட்டில் மத்திய சர்க்காரின் பங்கு பாதிக்குச் சற்றே மேல். மாநிலத்துக்குள் ஓடும் பெருங்கம்பிகள் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்தினுடையவை. டெண்டரில் வென்ற தனியார் கம்பெனிகளும் கம்பி இழுக்கின்றன. கட்டணத்தையோ, மாநிலங்களிடைக் கம்பிகளுக்கு மத்திய ஆணையமும், நம் வீட்டுக்கும் தறிக்கும் மாநில ஆணையமும் விதிக்கின்றன. உடைமையாளர் ஒருவர், விலை குறிப்பவர் மற்றொருவர், கம்பிக்கோபுரத்துக்கு நிலம் விடும் கொங்கு நாட்டு விவசாயி இன்னொருவர். கடைசியில் பில் கட்டுபவர் தறிக்காரர். பாவும் ஊடையும் வியாபாரி தருகிறார், கூலி பேசியபடி. மின்சாரச் செலவு மட்டும் தறி வைத்திருப்பவர் தலையில். கட்டணம் ஏறினால் கூலி கரைகிறது. இலவச யூனிட்டுகள் அவருக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அது சர்க்கார் அளிக்கும் சலுகை, சட்டம் அளித்த உரிமை அன்று.

ஆணையங்கள் கட்டணத்தை மாற்றுமுன் பொதுஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணைகளுக்குப் பெரிய ஆலைகள் வக்கீல்களோடு வருகின்றன. சிறு தறிக்காரர்கள் கணக்கோடும் சங்கபலத்தோடும் அங்கே போய் நிற்பார்களாயின், டாக்டர் அம்பேத்கரின் கேள்விகள் உயிரோடிருப்பதாகக் கொள்ளலாம். அவருக்குச் சிலை வைத்தோர் பலர். மலிவாகவும் ஏராளமாகவும் ஏழையின் தறிக்கு மின்சாரம் வரவேண்டும் என்று அவர் வைத்த அளவுகோலைக் கையிலெடுப்பதே அவருக்கு நாம் செலுத்தும் தக்க மரியாதையாகும்.