நீலச் சாயத்தில் சிக்கிய கொலைகாரன்

கொலை நடக்கிறது, கொலைகாரன் கண்ணில் படவில்லை! ஆலையிலே உழைத்தவன் இருமினான், இளைத்தான், இரத்தம் கக்கினான், இறந்தான். பரம்பரை வாகு என்றார் ஒருவர்; கெட்ட காற்று என்றார் மற்றொருவர்; விதி என்று விழி துடைத்தனர் வீட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், ஏழு சாவில் ஒன்று எலும்புருக்கி நோயால் என்பது கணக்கு.

அந்தக் கொலைகாரனைப் பிடித்துக் காட்டியவர் ராபர்ட் கோக். ஜெர்மனியில் கிளாஸ்தால் என்னும் சுரங்க ஊரில் 1843-இல் பிறந்தவர். சுரங்க அலுவலர் மகன். 1872 முதல் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரிலே வட்டார மருத்துவர். ஆராய்ச்சிக் கூடம் உண்டா? இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையிலேயே ஒரு திரை. இப்புறம் மருத்துவம், அப்புறம் மைக்கிராஸ்கோப்! ஆடுமாடுகளைச் சாய்த்த அடைப்பான் நோயை அங்கேதான் ஆராய்ந்தார். மரச் சிராயை முதலில் நெருப்பில் காட்டினார். வேறு கிருமி ஒட்டியிருந்தால் சான்று கெட்டுவிடும் அல்லவா? பிறகு, செத்த ஆட்டின் இரத்தத்தில் தோய்த்து எலிக்குள் செலுத்தினார். எலி மாண்டது, அதன் இரத்தத்திலும் அதே கோல் வடிவக் கிருமி. 1876-இல் பிரெஸ்லாவ் பேராசிரியர் கோன் முன்னிலையில் இதைச் செய்து காட்டினார். 1880-இல் பெர்லின் அழைத்தது.

எலும்புருக்கிக் கிருமி எளிதில் அகப்படவில்லை. மெல்லியது, அதோடு, உடலைச் சுற்றி மெழுகுக் கவசம்! மற்றக் கிருமிகளைப் பற்றும் சாயம் இதன்மீது பற்றாது. கோக் விடவில்லை. நோயுற்ற சதையைக் கண்ணாடியில் மெல்லத் தடவி, உலர்த்தி, சூடு காட்டி ஒட்டவைத்தார். மெத்திலீன் நீலத்தில் காரம் சேர்த்து, ஒரு முழு நாள் ஊறவிட்டார். பிறகு பழுப்புச் சாயம் ஊற்றினார். சுற்றியிருந்த சதையெல்லாம் பழுப்பாயிற்று. நடுவே நீலக் கோடுகளாய் நின்றான் நாம் தேடிய கொலைகாரன்!

நீலக் கோட்டைக் கண்டதும் முரசு கொட்டவில்லை அவர். இருக்கிறான் என்பது வேறு, கொன்றான் என்பது வேறு. இரத்தத்தின் தெளிநீரை உறையவைத்து அதிலே கிருமியைத் தனியே வளர்த்தார். அது முளைக்கவே வாரக்கணக்கில் காத்திருந்தார். கினியா எலிகளுக்குச் செலுத்தினார். அதே நோய் வந்தது. 1882 மார்ச் 24-இல் பெர்லின் அவையிலே அறிவித்தார். அவையில் இருந்த எர்லிக், உடனே சாயமிடும் முறையைத் திருத்தினார்: சிவப்புச் சாயம் ஏற்றி அமிலத்தால் கழுவினால், மற்றவை வெளுக்கும், இக்கிருமி மட்டும் சிவந்தே நிற்கும். சளியை இப்படிச் சோதிப்பது இன்றும் வழக்கில் உண்டு.

இது விளையாட்டல்ல, தோழர்களே. பிடிக்கப் போனவனையே பிடிக்கும் பகை அது! எர்லிக்கின் சளியிலேயே அக்கிருமி பின்னர் காணப்பட்டது. எகிப்து சென்று தேறினார். 1883-இல் அலெக்சாந்திரியாவில் வாந்திபேதியை ஆராய பிரெஞ்சுக் குழு ஒன்று, கோக்கின் குழு ஒன்று, இரண்டும் போட்டியாளர்கள். பிரெஞ்சுக் குழுவின் துயில்லியே, 27 வயது இளைஞர், அந்நோய்க்கே பலியானார். அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் கோக்கும் ஒருவர். அடுத்து கல்கத்தா வந்தார். மக்கள் குளித்து, துவைத்து, குடித்தும் வந்த குளத்து நீரிலேயே வாந்திபேதிக் கிருமியை 1884-இல் கண்டார்.

கிருமியைக் கண்டவரே அதன் அழிவையும் ஆராய்ந்தார். வறண்ட சூட்டைவிடக் கொதிநீராவியே கிருமி வித்துகளை விரைந்து கொல்லும் என்று கோக்கும் துணைவர்களும் 1881-இலேயே காட்டினர்.

குறையையும் சொல்வோம், நாம் கட்டுவது கோயில் அல்ல. 1890-இல் எலும்புருக்கிக்கு மருந்து கண்டதாக அறிவித்தார், டியூபர்குலின் என்பது அதன் பெயர், சேர்மானத்தை மறைத்தார். நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினர். குணமில்லை; சிலர் மாண்டனர். அடைப்பானுக்கும் எலும்புருக்கிக்கும் காட்டிய பொறுமையை இங்கே காட்டவில்லை அவர். அந்தச் சரக்குதான் பின்னாளில், தோலில் சிறிதே ஏற்றி, உடலில் அக்கிருமி புகுந்திருக்கிறதா என்று அறியும் சோதனைக்குப் பயன்பட்டது.

1905-இல் நோபல் பரிசு பெற்றார். 1910-இல் பாடன்-பாடனில் மறைந்தார். அவர் சாம்பல் பெர்லினில், அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.