கோட்டை தோண்டிய வீலர்!

குட்டீஸ்... மண்ணுக்குள் கிடைத்த எலும்புக்கூட்டின் முதுகெலும்பில், இரும்பு முனை குத்தி நின்றால், என்ன நினைப்பீர்கள்?

போர் தான் என, முடிவு செய்தார் மார்டிமர் வீலர். 1890ல் பிறந்த இவர், 1934ல், மனைவி டெஸ்ஸாவுடன், இங்கிலாந்தின் டார்செட்டில் உள்ள, மெய்டன் காசில் குன்றுக் கோட்டையைத் தோண்டத் துவங்கினார். கோட்டை என்றதும் மதிலைத் தேடாதீர்கள்; பிரமாண்ட மண் மேடும், பள்ளமும் தான் அரண்! ஒரே குவியலில், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவண் கற்கள் கிடைத்தன.

பாவம், 1936ல் டெஸ்ஸா இறந்தார். ஆனாலும், வீலர் பணியை நிறுத்தவில்லை. கி.பி., 43ல், ரோமானியப் படை கொன்றவர்களின் எலும்புகள் என, எழுதினார். 1945ல், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டையும் தோண்டிய இவர், 1976ல் மறைந்தார்.

அவர்கள் ஒரே நாளில் சாகவில்லை. பல ஆண்டுகளில், அடுத்தடுத்து இறந்தவர்கள் என்கிறது, 2025ல் வெளியான கார்பன் ஆய்வு. அதற்கு உதவியது, வீலர் எடுத்து வைத்த அதே எலும்புகள் தான்!