யூஜின் போர்டன்

யூஜின் போர்டன் (ஏப்ரல் 8, 1808 - செப்டம்பர் 29, 1884) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பொறியியலாளரும் கருவியாக்குநரும் ஆவார். நீர்மங்கள், வளிமங்கள் ஆகியவற்றின் அழுத்தத்தை வளைந்த உலோகக் குழாயொன்றின் மூலம் அளக்கும் போர்டன் அழுத்தமானியை உருவாக்கியவர் இவரே. நீராவிக் கொதிகலன்களுக்காகத் தோன்றிய இக்கருவி, டர்போ பொருத்திய டீசல் வண்டிகளின் அழுத்தமானி வரை இன்றும் பயன்பட்டு வருகிறது.

இளமை

பாரிசு நகரில் பட்டு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குடும்ப வணிகத்தில் பழக்கப்பட்டபோதும் இவரது நாட்டம் இயந்திரங்களிலேயே இருந்தது. தந்தையின் மறைவுக்குப் பின்னர் வணிகத்தை விட்டு விலகி, 1832 இல் சொந்தமாகக் கருவிப் பட்டறை தொடங்கினார். நீராவிப் பொறிகளின் சிறு மாதிரிகளைச் செய்வதில் தேர்ந்தவராக விளங்கினார்.

அழுத்தமானி

அக்காலத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழப்பது அரிதன்று. உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதை அறிய நம்பத்தக்க வழி பாதரச அழுத்தமானி ஒன்றே. ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குப் பாதரசம் 760 மில்லிமீட்டர் உயரும். ஆகவே 6 வளிமண்டல அழுத்தத்தை அளக்க நான்கரை மீட்டருக்கும் மேற்பட்ட கண்ணாடிக் குழாய் வேண்டும். குலுங்கியோடும் தொடர்வண்டிப் பொறியில் இதனைப் பொருத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போர்டனுக்கு விடை கிடைத்தது ஒரு பழுதிலிருந்து என்று கூறப்படுகிறது. பட்டறையில் செய்யப்பட்ட சுருள் குழாய் ஒன்று நசுங்கித் தட்டையாகி விட்டது. அதனைச் சீராக்க ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியே நீரை அழுத்திச் செலுத்தினர். குழாய் உருண்டையானபோது சுருளும் கூடவே விரியத் தொடங்கியது. குழாயைச் சரிசெய்ததோடு நின்றுவிடாமல், அவ்விரிவு அழுத்தத்திற்கேற்ப அமைவதை இவர் கவனித்தார். 1849 சூன் 18 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கருவியின் அமைப்பு மிக எளியது. நீள்வட்டக் குறுக்குவெட்டுடைய குழாய் வில் போல் வளைக்கப்பட்டிருக்கும். அழுத்தம் ஏறும்போது குறுக்குவெட்டு வட்டத்தை நெருங்க முயல்வதால் வில் சற்றே நிமிரும். மூடிய முனை நகர்வது சில மில்லிமீட்டர்களே. நெம்புகோலும் பற்சக்கரமும் அந்நகர்வைப் பெருக்கி, முகப்பில் முள்ளைச் சுழற்றுகின்றன.

1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இக்கருவி உயரிய பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

விடியுடன் வழக்கு

திரவமில்லா பாரமானியை 1844 இல் உருவாக்கிய லூசியன் விடி, மீள்தன்மையுள்ள உலோகக் கலத்தால் அழுத்தத்தை அளக்கும் முறை தனக்கே உரியது எனக் கூறி வழக்குத் தொடுத்தார். பல ஆண்டுகள் நீடித்த இவ்வழக்கின் முடிவு விடிக்குச் சாதகமாக அமைந்தது. எனினும் விடியின் கருவி மெல்லிய பெட்டி அமுங்குவதைக் கொண்டது. போர்டனுடையதோ குழாய் நிமிர்வதைக் கொண்டது. உயர் அழுத்தத்திற்குத் தாங்குவது பின்னதே. நீதிமன்றத்தில் தோற்றவரின் பெயரே தொழிற்சாலைகளில் நிலைத்தது.

இறுதிக் காலம்

1872 இல் தொழிற்சாலையை மகனிடம் ஒப்படைத்தார். ஓய்விலும் ஆய்வுகளை விடவில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் கருவியொன்றைச் சோதிக்கையில் கீழே விழுந்து, அதன் விளைவாக 1884 இல் காலமானார்.

டீசல் வண்டிகளில்

டர்போ அமுக்கிக்கும் பொறிக்கும் இடையிலுள்ள காற்றுக் குழாயிலிருந்து மெல்லிய குழல் ஒன்றைப் பிரித்து, ஓட்டுநர் முன்னுள்ள போர்டன் மானியில் இணைப்பதே இயந்திரவகை டர்போ அழுத்தமானியாகும். பெட்ரோல் வண்டிக்கான மானியில் வெற்றிடப் பகுதியும் குறிக்கப்பட்டிருக்கும். டீசல் பொறியில் பொதுவாகக் காற்றைத் தடுக்கும் அடைப்பிதழின் பயன் குறைவாதலால், சுழியிலிருந்து தொடங்கும் அளவுகோல் பெரும்பாலும் போதுமானது. வழக்கத்தை விட முள் குறைவாக ஏறினால் குழாயில் கசிவு இருக்கலாம். மிகுதியாக ஏறினால் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் அடைப்பிதழ் சிக்கியிருக்கலாம்.

தாமே மின்னணு மானி செய்வோர் தனி அழுத்த உணரியைப் பயன்படுத்தினால், அதன் அளவிலிருந்து வளிமண்டல அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். கடல் மட்டத்தில் இது ஏறத்தாழ 1 பார், மலையேறும்போது குறையும். போர்டன் குழாயின் வெளிப்புறத்தில் வளிமண்டலமே நிற்பதால் அங்கு இக்கழித்தல் தானாகவே நிகழ்ந்து விடுகிறது.