பொன் ஆண்ட மன்னனும் பொன் தோண்டிய கையும்

உலகத்தின் பெரும் பணக்காரர் யார் என்று பட்டியல் போடுவது பணமூட்டைகளின் ஏடுகளுக்கு ஒரு திருவிழா. உயிரோடிருப்பவர்களை எண்ணி முடித்துவிட்டுச் செத்தவர்களையும் தோண்டியெடுத்து எண்ணுகிறார்கள். இதுவரை பிறந்த மனிதர்களிலேயே பெரிய பணக்காரன் என்று அவர்கள் சொல்லும் பெயர் மூசா. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிப் பேரரசை ஆண்ட மன்னன்.

எண்ணட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் மன்னனின் பொன்னை எண்ணுகிறவர்கள், அந்தப் பொன்னை மண்ணிலிருந்து எடுத்தவன் யார் என்று கேட்பதில்லை. அவர்கள் கேட்காததை நாம் கேட்கிறோம். மூசாவின் வாழ்க்கையை இன்று சொல்ல வந்ததும் அதற்காகத்தான்.

ஆப்பிரிக்கா இருண்ட கண்டம், அங்கே அரசும் இல்லை, கல்வியும் இல்லை, சரித்திரமும் இல்லை என்று வெள்ளைக்காரன் நமக்கும் பாடம் சொல்லி வைத்தான். அது பொய். சுந்தியாத்தா என்ற வீரன் 1235-ஆம் ஆண்டுவாக்கில் மாலிப் பேரரசுக்கு அடிகோலினான். அந்தக் குலத்தில் வந்த மூசா, ஏறத்தாழ 1312-இல் அரியணை ஏறினான். அட்லாண்டிக் கடற்கரைப் பக்கமிருந்து நைஜர் ஆற்றின் வளைவு வரை அவன் ஆணை சென்றது. மன்சா என்றால் அந்த நாட்டு மொழியில் மன்னன். உலகம் அவனை மன்சா மூசா என்றே அறியும்.

அரியணை அவனுக்குக் கிடைத்த கதையை அவனே கெய்ரோவில் சொன்னான். முன்பு ஆண்டவன், கடலுக்கு அக்கரை என்ன இருக்கிறது என்று பார்க்கக் கப்பல்களோடு புறப்பட்டானாம், பொறுப்பை மூசாவிடம் விட்டுப் போனானாம், திரும்பவே இல்லையாம். போனவன் வராததால் இருந்தவன் மன்னனானான்.

நாட்டின் செல்வம் எப்படி வந்தது? வடக்கே சகாரா பாலைவனத்தில் உப்பு. தெற்கே ஆற்றோரக் காடுகளில் பொன். உப்பில்லாமல் தெற்கத்தியான் வாழ முடியாது. பொன்னில்லாமல் வடக்கத்தி வியாபாரிக்கு லாபமில்லை. இரண்டுக்கும் நடுவே அரசன் உட்கார்ந்தான். மாலிக்கு முன்பு அந்த வழியை ஆண்ட கானா மன்னர்கள், ஒரு கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் 1 தினார், அதே சுமை வெளியே போனால் 2 தினார் சுங்கம் வாங்கினார்கள். மூசாவின் நாட்டிலிருந்து செம்பும் தெற்கே போயிற்று. 100 பங்கு எடைச் செம்புக்கு ஏறத்தாழ 66 பங்கு எடைப் பொன் கிடைத்ததாம். அவ்வளவு பொன் அங்கே. அவ்வளவு லாபம் இங்கே.

மூசா இஸ்லாத்தைத் தழுவிய குலத்தில் வந்தவன். 1324-இல் மெக்கா யாத்திரை புறப்பட்டான். வழியில் கெய்ரோ நகரம். 100 ஒட்டகச் சுமை பொன் கொண்டு வந்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முன்னால் 500 அடிமைகள், ஆளுக்கொரு பொற்கோல் ஏந்தி நடந்தார்கள் என்று பிற்கால ஏடு சொல்லுகிறது. கூட்டிச் சொன்னார்களோ குறைத்துச் சொன்னார்களோ, கெய்ரோ கண்டறியாத பவனி அது.

எகிப்தின் சுல்தான் முன்னால் தரையை முத்தமிட வேண்டும் என்றார்கள். மூசா மறுத்தான். வற்புறுத்தியபோது, தன்னைப் படைத்த இறைவனுக்கே தலை வணங்குவதாகச் சொல்லிப் பணிந்தான். சுல்தான் எழுந்து வரவேற்று அருகில் உட்கார வைத்தான். கறுப்பு மன்னன் இன்னொரு மன்னனுக்கு மண்டியிடவில்லை. பாராட்ட வேண்டியதை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றும் பாராட்டுக்குரியது. குடிமக்களின் அழகான பெண்களை மணமுடிக்காமலே மன்னன் எடுத்துக்கொள்வது மாலியில் வழக்கமாக இருந்தது. மார்க்கம் அதை அனுமதிக்காது என்று கெய்ரோவில் ஒருவர் எடுத்துச் சொன்னார். மன்னனுக்குக் கூடவா கூடாது என்று மூசா கேட்டான். மன்னனுக்கும் கூடாது என்று பதில் வந்தது. அன்றோடு அதை விட்டுவிடுவதாக வாக்களித்தான். சட்டம் மன்னனையும் கட்டும் என்று கேட்டுத் தலையசைத்த மன்னர்கள் சரித்திரத்தில் எத்தனை பேர்?

ஆனால் கெய்ரோ கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1 தினார் பெறும் துணியை மாலிக்காரர்களிடம் 5 தினாருக்கு விற்றார்கள். மூசா வாரி வாரிக் கொடுத்தான். அதன் விளைவு சந்தையில் தெரிந்தது. ஒரு மித்கால் பொன், அதாவது நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்று மேல், முன்பு 25 திர்ஹத்துக்குக் குறையாமல் விற்றது. அது 22-க்கும் கீழே இறங்கியது. 12 ஆண்டுகள் கழிந்தும் ஏறவில்லை என்று அல் உமரி என்ற அறிஞர் எழுதினார். ஒரு மனிதனின் தாராளம் ஒரு நாட்டின் சந்தையையே சரித்துவிட்டது.

திரும்பும்போது மன்னன் கையில் காசில்லை. உலகப் பெரும் பணக்காரன் கெய்ரோ வியாபாரிகளிடம் கந்துவட்டிக்குக் கடன் வாங்கித்தான் ஊர் போய்ச் சேர்ந்தான்! கொடுத்த கடனை வசூலிக்க அலெக்சாந்திரியா வியாபாரி ஒருவர் பாலைவனம் தாண்டித் திம்புக்டு வரை வந்து, அங்கேயே இறந்தும் போனார்.

ஊர் திரும்பிய மூசா, திம்புக்டு நகரில் பெரிய பள்ளிவாசல் கட்டினான். கிரானடாவிலிருந்து வந்த கவிஞர் அஸ்ஸாஹிலி அவனுக்குக் கட்டடங்கள் அமைத்தார். களிமண்ணால் எழுந்த அந்தப் பள்ளிவாசல், ஆண்டுதோறும் மக்கள் கையால் மண் பூசப்பட்டு இன்றும் நிற்கிறது. நூல்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். பிற்காலத்தில் திம்புக்டு கல்விக்குப் பெயர் பெற்ற நகரமானது. இதுவும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

இனி, நாம் கேட்ட கேள்விக்கு வருவோம். உழைத்தவன் யார்?

உப்பு வெட்டியவனைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார். நம் மதுரைக்கும் வந்துபோன யாத்திரிகர் இபின் பதூதா. மூசா மறைந்தபின், அவன் சகோதரன் சுலைமான் ஆண்டபோது, 1352-இல் அவர் தகாசா உப்புச் சுரங்கத்தைப் பார்த்தார். மரமில்லாத ஊர். உப்புப் பாளத்தால் சுவர், ஒட்டகத் தோலால் கூரை. குடிக்கும் தண்ணீரும் உவர்ப்பு. ஈக்கள் மொய்க்கும். அங்கே குடியிருந்தவர்கள் உப்பு வெட்டும் அடிமைகள் மட்டுமே. அவர்கள் வெட்டிய ஒரு சுமை உப்பு வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால். மாலித் தலைநகரில் 20, 30, சமயத்தில் 40. வெட்டியவனுக்கு? உணவு கூட வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு.

பொன் தோண்டியவன் கதை வேறு. கவனித்துக் கேளுங்கள், தோழர்களே! அவன் மன்னனின் மதத்தைச் சேர்ந்தவனல்ல. தன் முன்னோர் வழிபட்டபடி வழிபட்டவன். படை அனுப்பினால் ஒரு நாளில் அடக்கிவிடலாம். ஆனால் மாலி மன்னர்கள் அனுபவத்தில் ஒன்றைக் கண்டார்கள். பொன் விளையும் ஊர் ஒன்றைப் பிடித்து, அங்கே புதிய மார்க்கம் பரவித் தொழுகை அழைப்பும் ஒலித்ததும், அந்த ஊரில் பொன் குறைந்தது, பிறகு மறைந்தது, பக்கத்தில் பழைய வழிபாட்டோடு இருந்த ஊரில் பெருகியது. ஆகவே அவர்களை அவர்கள் போக்கில் விட்டுக் கப்பம் மட்டும் வாங்கினார்கள். இதை எழுதி வைத்தவரும் அதே அல் உமரிதான்.

மண்ணுக்கு மதம் உண்டா? பொன்னுக்குத் தொழுகை தெரியுமா? மறைந்தது பொன்னல்ல, தோண்டிய கை என்றே நாம் புரிந்துகொள்கிறோம். தன் நம்பிக்கையிலும் தன் ஊர் நிர்வாகத்திலும் கை வைத்தால் உழைப்பாளி கருவியைக் கீழே வைத்தான்; அல்லது அடுத்த ஊருக்கு நடந்தான். சங்கம் என்ற சொல் அவனுக்குத் தெரியாது. வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயரும் வைக்கவில்லை. ஆனால் கெய்ரோ சந்தையைக் கவிழ்த்த மன்னனின் கட்டளை, அந்தக் குழியின் வாசலோடு நின்றுபோயிற்று.

எந்த மதத்தையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. மனம் ஒப்பி ஏற்பது வேறு. வாளைக் காட்டிச் சுமத்துவது வேறு. சுமத்தினால் பொன் வராது என்பதை மாலி மன்னர்கள் லாபக் கணக்குப் பார்த்துக் கற்றார்கள். மனிதனை மனிதனாக மதித்துக் கற்றிருந்தால், தகாசாவில் அடிமை இருந்திருக்க மாட்டான்.

மூசா ஏறத்தாழ 1337-இல் இறந்தான். 1375-இல் ஐரோப்பாவில் வரைந்த ஒரு வரைபடத்தில் முடியும் செங்கோலுமாக, கையில் பொன்னுருண்டையோடு அவன் வீற்றிருக்கிறான். உருண்டையைத் தோண்டியவன் படத்தில் இல்லை.

1960-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற நாடு, மாலி என்ற அந்தப் பழைய பெயரையே சூட்டிக்கொண்டது. பொன் இன்றும் அங்கே எடுக்கிறார்கள்; வறுமையும் இன்றும் இருக்கிறது. 2024 ஜனவரியில், பழைய பேரரசின் இதயமான கங்காபா வட்டாரத்தில் பொன் குழி ஒன்று சரிந்து 70 பேருக்கும் மேல் மாண்டார்கள். பணக்காரர் பட்டியல் போடுகிறவர்கள் அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை.

பொன்னின் கதையை அந்தக் குழியிலிருந்து தொடங்கிச் சொல்லப் பழகுவோம்.