மிஸ்ஸிங் அடித்த எஞ்சினும் கெட்டரிங்கும்

எங்கள் லேபில் இருக்கும் அந்தப் பழைய அம்பாசிடர் எஞ்சினை நம்ம பேட்ச் மறக்காது. ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிஷம் சமர்த்தாக ஓடும், சூடானதும் மிஸ்ஸிங் அடிக்கும். பிளக் நாலையும் மாற்றினோம், பாயிண்ட்டைத் தேய்த்தோம், தேவையில்லாமல் கார்புரேட்டரைக் கழற்றித் திட்டும் வாங்கினோம். மூன்றாம் நாள் மாட்டியது கன்டென்சர்! ஆறியிருந்தால் யோக்கியன், சூடேறினால் கசிவு. பாயிண்ட் பிரியும்போது கரண்ட் சட்டென்று அறுபடாமல் அங்கேயே பொறியாய்ப் பறந்துவிடும். காயிலில் ஹை வோல்டேஜ் எப்படி வரும்?

இந்தக் காயில்-பாயிண்ட் ஏற்பாட்டைக் கெட்டரிங் இக்னிஷன் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அந்தக் கெட்டரிங் யார் என்று தேடிப் படித்தேன் நண்பர்களே.

சார்லஸ் கெட்டரிங் 1876-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பு நின்றுபோக, டெலிபோன் லைன் போடும் வேலைக்குப் போனார். பட்டம் வாங்கியது 1904-ல், இருபத்தேழு வயதில். அரியர் வைத்திருப்போர் கவனிக்க! டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் செய்து கொடுத்தார். 1909-ல் நண்பர் டீட்ஸுடன் டெல்கோ கம்பெனி தொடங்கினார். பட்டறை, நண்பர் வீட்டுக் கொட்டகைதான். 1910 மாடல் காடிலாக் காருக்கு அவருடைய இக்னிஷன், 1912 மாடலுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர். கையால் கிராங்க் சுற்றி மணிக்கட்டு உடைந்த காலம் அதோடு மலையேற ஆரம்பித்தது.

வந்தது வினை. எஞ்சின்கள் டொக் டொக்கென்று நாக்கிங் அடித்தன. பழி புது இக்னிஷன் மேல் விழுந்தது. நாமாக இருந்தால் டைமிங்கைத் திருகிக்கொண்டே இருந்திருப்போம். அவர் உதவியாளர் மிட்ஜ்லியை விட்டு, சிலிண்டருக்குள் அழுத்தம் எப்போது எகிறுகிறது என்று அளக்க வைத்தார். பொறி விழுந்த பிறகுதான் எகிறியது. ஆக, குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள்! சிவப்புச் சாயம் வெப்பத்தை இழுத்து உதவுமோ என்று ஒரு யூகம். கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தார்கள், நாக்கிங் நின்றது. வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தால் நிற்கவில்லை. நிறமல்ல, அயோடின்தான் காரணம் என்று தெரிந்தது. யூகம் தப்பு, சோதனை சரி. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

பிடிக்காத இடமும் உண்டு. அயோடின் விலை கட்டுப்படியாகாது. வருஷக்கணக்கில் தேடி, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பிடித்தார்கள். எத்தில் ஆல்கஹாலும் நாக்கிங்கைக் குறைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அது நிறையக் கலக்க வேண்டும், ஈயமோ கேலனுக்குச் சில மில்லி போதும். ஈயம் விஷம் என்பது அன்றைக்கே ஊரறிந்த விஷயம். மிட்ஜ்லிக்கே அந்த விஷம் ஏறியது. 1924-ல் நியூஜெர்சி ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். விற்பனை நின்றது, 1926-ல் மறுபடி தொடங்கியது. 1925-ல் வாஷிங்டனில் நடந்த அரசு மாநாட்டில் கெட்டரிங் ஈயத்துக்காகவே வாதாடினார். தன் இக்னிஷன் மேல் விழுந்த பழியை அளந்து பார்த்துத் துடைத்தவர், புகையில் போகும் ஈயம் யார் ரத்தத்தில் சேர்கிறது என்று அதே பிடிவாதத்தோடு ஏன் அளக்கவில்லை? என்னால் இதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை.

கெட்டரிங் 1958-ல் காலமானார். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல் நின்றது. உலகத்திலேயே கடைசியாகக் கார்களுக்கு அதை விற்ற அல்ஜீரியாவில் நின்றது 2021-ல்.