ஸர் வால்ட்டர் ஸ்காட்டின் கடற்செலவு

ஸர் வால்ட்டர் ஸ்காட் என்னும் பெயர் நம் கல்லூரியோர்க்குப் புதிதன்று. பழைய மாணவருள் பலர் அவருடைய ‘ஐவன்ஹோ’வைப் பாடநூலாகவே பயின்றிருப்பர். ஆயினும் அப்பெரியாரை நினைக்குந்தோறும் மலையும் ஏரியும் கவசமணிந்த குதிரை வீரரும் நம் மனக்கண்முன் தோன்றுவரேயன்றிக் கடல் தோன்றுவதில்லை. அவர் 1814-ஆம் ஆண்டில் ஆறு வாரகாலம் ஒரு சிறு பாய்க்கப்பலில் அமர்ந்து தம் நாட்டின் வடகடலையும் மேல்கடலையும் சுற்றிவந்தார். அச்செலவு அவருடைய நூல்களையும், அவர் கண்ட தீவுகளின் பிற்காலத்தையும் ஒருங்கே மாற்றியது. அவர் வரலாற்றில் அப்பகுதியையே யாம் ஈண்டு விரித்துரைக்க விரும்புகின்றோம்.

ஸ்காட் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் வழக்குத் துறையில் தொழில் புரிந்தவர். தாயார் மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் மகள். ஒன்றரை வயதில் கண்ட சுரத்தினால் குழந்தையின் வலக்கால் முடமாயிற்று. நாட்டுப்புறக் காற்று நலம் தருமென்று கருதி, ஸ்காட்லாந்தின் தென்னெல்லையில் ஸாண்டிநோ என்னுமிடத்திலிருந்த பாட்டனார் பண்ணைக்கு அவரை அனுப்பினர். ஆட்டிடையர்களும் முதியோரும் சொல்லிய எல்லைப்போர்க் கதைகளையும் நாட்டுப் பாடல்களையும் கேட்டே அக்குழந்தை வளர்ந்தது. கால் முற்றும் குணமாகவில்லை. கேட்ட கதைகளோ ஒருநாளும் அவரை விட்டு நீங்கவில்லை.

எடின்பரோவில் கல்வி பயின்று 1792-இல் நியாயவாதியானார். 1799-இல் ஸெல்கர்க் ஜில்லாவின் ஷெரீப் பதவி பெற்றார். இடையில் 1797-இல் ஷார்லட் கார்ப்பெண்டர் என்னும் நங்கையை மணந்தார். இந்நங்கையின் உடன்பிறந்தார் சார்லஸ் கார்ப்பெண்டர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியாக நம் சேலத்தில் இருந்தவர் என்பது தமிழ் மக்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. பிற்காலத்தில் ஸ்காட் எழுதிய கதையொன்றில் சென்னையும் மைசூரும் இடம்பெற்றன. அவரோ இந்நாட்டைக் கண்டவரல்லர்.

1805 முதல் அவர் இயற்றிய நெடுங்கவிதைகள் பெரும்புகழ் பெற்றன. 1810-இல் ‘ஏரிமங்கை’ வெளிவந்தபோது, அதிற் பாடப்பெற்ற காட்ரின் ஏரியைக் காண மக்கள் திரள்திரளாகச் சென்றனராம். வாடகைக் குதிரைகள்மீது விதித்த வரியின் வருமானமும் அதனால் உயர்ந்ததென்பர். ஒரு பாட்டு மக்களை ஓர் இடத்திற்கு இழுத்துச் செல்ல வல்லது என்பதை ஸ்காட் அப்பொழுதே அறிந்துகொண்டார்.

ஆனால் 1814-இல் கவிதை அவருக்குச் சலிப்புத் தட்டியிருந்தது. பைரன் என்னும் இளம்புலவர் புகழில் அவரை முந்திவிட்டார். முன்னொரு காலத்தில் எழுதத் தொடங்கிப் பெட்டியில் எறிந்துவிட்ட உரைநடைக் கதையொன்று, தூண்டிற் கயிறு தேடும்போது அவர் கைக்கு அகப்பட்டது. அதன் பிற்பகுதியை மூன்று வாரத்தில் எழுதி முடித்தார். அதுவே ‘வேவர்லி’. நீதிமன்றப் பதவி வகிக்கும் ஒருவர் கதை எழுதுவது தகுமோ என்ற ஐயத்தாலோ, மறைந்திருந்து வேடிக்கை பார்க்கும் இயல்பாலோ, தம் பெயரை அதில் அச்சிடவில்லை. நூல் ஜூலை 7-ஆம் நாள் வெளிவந்தது. அதே மாதம் 29-ஆம் நாள், ஆசிரியர் யாரென்று நகரமே வினவத் தொடங்கிய வேளையில், அவர் லீத் துறைமுகத்தில் கப்பலேறிவிட்டார்.

கப்பலின் பெயர் ‘பேரோஸ்’. கலங்கரை விளக்கங்களைப் பார்வையிடும் பொருட்டு அவற்றின் ஆணையாளர்கள் ஆண்டுதோறும் செல்லும் சிறு கலம் அது. அவர்களை அழைத்துச் சென்றவர் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்ஸன். ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்ஸனின் பாட்டனார். ஆணையாளருள் ஒருவராகிய வில்லியம் எர்ஸ்கின் ஸ்காட்டின் உயிர்த்தோழர். ‘வேவர்லி’யின் மறைபொருளை அறிந்த மிகச் சிலருள் ஒருவர். அமெரிக்காவுடன் போர் நடந்த காலமாதலின் கலத்தில் ஆறு பீரங்கிகளும் பத்து மாலுமிகளும் இருந்தனர். விருந்தினராய்ச் சென்ற ஸ்காட் நாள்தோறும் குறிப்பெழுதி வந்தார். அக்குறிப்பில் ஒரு புலவரின் செயற்கை நடை இல்லை. விடுமுறையில் விளையாடப் புறப்பட்ட ஒருவரின் உவகையே காணப்படுகின்றது.

மறுநாட் காலை பெல் பாறையை அடைந்தனர். கரையினின்று பதினொரு மைல் தொலைவில், அலை ஏறும்போது முழுதும் மூழ்கிப்போகும் அப்பாறைமேல், ஸ்டீவன்ஸன் நான்காண்டு உழைத்து எழுப்பிய விளக்கம் 1811-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஒளிவிடத் தொடங்கியிருந்தது. அக்கோபுரத்தினுள்ளேயே அனைவரும் காலையுணவு அருந்தினர். வருகைப் புத்தகத்தில் ஸ்காட் சில பாட்டடிகள் எழுதி வைத்தார்.

பின்னர் ஷெட்லாந்துத் தீவுகள். ஸம்பரோ முனையின் செங்குத்தான பாறைகளின்மேல் நின்று, கீழே கொந்தளிக்கும் கடலைக் கண்டபோது, புலவர் ஒருவர் பாடற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. ஸ்காட் பாடவில்லை. பசும்புல் அடர்ந்த சரிவொன்றில் உட்கார்ந்து, சில நூறு அடி தூரம் சறுக்கிக்கொண்டே கரைக்கு இறங்கினார்! நாற்பத்திரண்டு வயதினர், ஷெரீப், ஒரு காலில் முடம். இச்செயலை அவரே நகைச்சுவையுடன் குறித்து வைத்திருக்கின்றார். அம்முனையை அடுத்து, கடலோரத்தில், பழைய பிரபுக்கள் வாழ்ந்த மாளிகையொன்று இடிந்து கிடந்தது. அதற்குப் பின்னாளில் தம் கதையில் அவர் ‘யார்ல்ஸ்ஹாஃப்’ என்று ஒரு பெயர் சூட்டினார். கற்பனையில் இட்ட பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. அம்மாளிகையின் அடியில் பல்லாயிரம் ஆண்டுக் குடியிருப்புகள் புதைந்துள்ளன என்பதைப் புயல்கள் மண்ணை அரித்துச் சென்ற பின்னரே உலகம் அறிந்தது.

ஆர்க்னித் தீவுகளில் ஸ்டிராம்னெஸ் என்னும் துறைமுகத்தில் பெஸ்ஸி மில்லி என்ற முதியவளைக் கண்டார். ஆறு பென்னி கொடுக்கும் மாலுமிகளுக்கு நல்ல காற்றை விற்பதே அவள் தொழில். கெண்டியில் நீர் கொதிக்க வைத்து வேண்டிக்கொள்வாள். காற்று வந்தால் அவளுக்குப் பெருமை, வாராவிடின் மாலுமி காத்திருக்க வேண்டியதுதான். இவளும், இவள் வாயிற் கேட்ட கொள்ளைக்காரன் கதையும், ‘கடற்கொள்ளைக்காரன்’ என்னும் நாவலாக 1821-ஆம் ஆண்டு இறுதியில் வெளிப்பட்டன.

இவ்வேடிக்கைகளுக்கிடையே அவர் குறிப்பில் வேறொரு செய்தியும் உண்டு; அதனை யாம் மிகவும் மதிக்கின்றோம். வடதீவுகளில் துண்டு துண்டாகப் பங்கிட்ட நிலத்தில் வறிய குடிகள் பலர் வருந்திப் பிழைப்பதைக் கண்டார். நிலங்களை ஒன்றாக்கினால் விளைவு பெருகும் என்பது நிலக்கிழார் வாதம். அங்ஙனம் செய்யின் இவ்வெளியோர் எங்குச் செல்வர், அவர்தம் உடனடித் துயரை எவ்வாறு தவிர்ப்பது என்னும் வினா ஸ்காட்டை வருத்தியது. விடை காணாமலே எழுதி நிறுத்தினார். அவர் கலம் ஆர்க்னியை விட்டு ஸ்காட்லாந்தின் வடகரையோரமாக மேற்கே சென்றது. அக்கரையிலுள்ள ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், அதே ஆண்டின் மே, ஜூன் மாதங்களில், ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டிக் குடிகளை வெளியேற்றி அவர்தம் வீடுகளுக்குத் தீ வைத்தனர். அச்செயலுக்குப் பொறுப்பானவன் என்று குற்றஞ்சாட்டப்பெற்ற பாட்ரிக் ஸெல்லர் என்னும் எஸ்டேட் அலுவலன் 1816-இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றான். அவ்வாண்டிலேயே ஸ்காட் எழுதிய ஒரு கட்டுரையில், பேராசையால் மலைநாடு மக்களற்றுப் போவதைக் கடுமையாகக் கண்டித்தார்.

ராத் முனையைச் சுற்றித் தெற்கே திரும்பிய கலம் ஆகஸ்டு 23-ஆம் நாளளவில் ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டையின்முன் நின்றது. மக்லவுட் குலத் தலைவர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக வாழ்ந்துவரும் இல்லம் அது. பாறைமேல் எழுந்த அக்கோட்டைக்கு 1748 வரையில் கடல்வாயில் ஒன்றே வாயில். தரைவழியே வந்த விருந்தினனும் படகேறியே உள்ளே புகவேண்டும். 1773-இல் டாக்டர் ஜான்ஸன் இங்கே ஒரு வாரத்திற்கு மேல் தங்கினார். ஸ்காட் தாமே விரும்பிக் கேட்டு, ஆவிகள் உலவுவதாகச் சொல்லப்பட்ட அறையில் படுத்தார். சாளரத்திற்கு வெளியே மூடுபனி, அலைமேல் நுரை, தொலைவில் கன்னிகள் எனப்பெயரிய மூன்று பாறைகள். பேய்க்கதைக்கு வேண்டிய யாவும் அமைந்திருந்தன. எனினும் கப்பலிற் பட்ட பல இரவின் அலைச்சலுக்குப்பின் தம் கண்ணுக்கு இனிதாய்த் தோன்றியது அங்கிருந்த மெத்தையே என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

சில நாட்களில் எய்க் தீவை அடைந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் மக்லவுட் குலத்தார், பகைமை காரணமாக, அத்தீவினரைக் குகையொன்றில் அடைத்துப் புகையிட்டுக் கொன்றனர் என்பது வரலாறு. குகையில் எலும்புகள் இன்னும் சிதறிக் கிடந்தன. ஸ்காட் ஒரு மண்டையோட்டை எடுத்துக் கப்பலுக்குக் கொண்டுவந்தார். மாலுமிகளுக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை, எமக்கும் பிடிக்கவில்லை. இறந்தோர் எலும்பு பழம்பொருள் சேர்ப்பவன் பெட்டிக்கு உரியதன்று. டன்வேகனில் உண்ட உப்பின் சுவை மாறுமுன் இக்குகையைக் கண்டவர் உள்ளத்தில் என்ன ஓடியதோ!

எய்க்குக்கு முன்னரே ஸ்கை தீவின் தென்பால் கோருஸ்க் ஏரியைக் கண்டிருந்தனர். புல்லும் மரமுமின்றிக் கரும்பாறைகள் சூழ்ந்து, ஒலியடங்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பு அது. அடுத்து ஸ்கெரிவோர் என்னும் கொடிய பாறைத்தொடர். அலை மலையாய் எழுந்தது. சிலர் இறங்க மறுத்தனர். ஸ்டீவன்ஸனோடு இறங்கியவருள் ஸ்காட் ஒருவர். அங்கே விளக்கம் நிறுத்துவது இயலாத செயல்போல் தோன்றியது. ஸ்டீவன்ஸனின் மகன் ஆலன் 1838-இல் வேலையைத் தொடங்கி 1844-இல் அதனை முடித்தார். பின்னர் அயோனாவும் ஸ்டாஃபாவும் அயர்லாந்தின் வடகரையும் கண்டு, செப்டெம்பர் 8-ஆம் நாள் கிளைடு ஆற்றின் வாயிலில் கிரீனக்கை அடைந்தார். அங்கிருந்து கிளாஸ்கோவுக்கு நீராவிப் படகில் சென்றார். அத்தகைய படகு அவ்வாற்றில் ஓடத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீடு திரும்பியபோது ‘வேவர்லி’ நாடெங்கும் பரவியிருந்தது. கடற்செலவின் விளைவாக 1815 ஜனவரியில் ‘தீவுகளின் தலைவன்’ என்னும் காவியம் வெளிவந்தது. அர்ட்டார்னிஷ் கோட்டைத் திருமண விழாவில் தொடங்கி, ராபர்ட் புரூஸ் மன்னனைக் கோருஸ்க் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, பானக்பர்ன் போரில் முடியும் நூல் அது. முன்னைய காவியங்களைப்போல் அது விற்கவில்லை. ஸ்காட் அதனைப் பொறுமையுடன் ஏற்றுக் கதைகளுக்கே திரும்பினார். அக்காவியத்தில் கடலும் பாறையும் உயிரோடு நிற்கின்றன, கதைமாந்தரோ மரப்பாவைகள். நாட்குறிப்பிற் கண்ட வறிய குடிகள் அதில் எங்குமில்லை.

ஆயினும் பாறையைக் காணவே மக்கள் வந்தனர். ஓவியர் டர்னர் ஸ்காட்டின் கவிதைகளுக்குப் படம் வரைய 1831-இல் அக்கடலிற் சென்று கோருஸ்க்கையும் ஸ்டாஃபாவையும் தீட்டினார். விக்டோரியா அரசி 1847-இல் ஸ்டாஃபா குகைக்குப் படகில் வந்தார். நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றுட் சிலவற்றிற்கு ஸ்காட்டின் கதைப்பெயர்களையே இட்டனர். 1964-இல் மோட்டார் வண்டிகளை ஏற்றிச் செல்லும் கலமாய்க் கட்டப்பெற்ற ‘கொலம்பா’ 1989-இல் ஐம்பது விருந்தினர்க்குரிய மிதக்கும் மாளிகையாக மாற்றப்பெற்று ‘ஹெப்ரிடியன் பிரின்ஸெஸ்’ ஆயிற்று. எலிஸபெத் அரசி 2006-இல் அதனை வாடகைக்கு அமர்த்தித் தம் குடும்பத்தாருடன் தீவுகளைச் சுற்றினார். அவ்வகைக் கலங்களிற் செல்வோர் பகலில் கரையோரக் கோட்டைகளைக் கண்டு இரவில் விருந்துண்கின்றனர். ‘பேரோஸ்’ சென்ற வழியே பெரும்பாலும் அவர்கள் வழி. அவர்கள் காண விரும்பும் கில்டா தீவிலோ குடிகளே இல்லை. எஞ்சியிருந்த முப்பத்தாறு பேரும் 1930-இல் தாமே வேண்டிக்கொண்டு வெளியேறினர்.

ஸ்காட் ட்வீட் ஆற்றங்கரையில் ஆபட்ஸ்போர்டு என்னும் மாளிகையைக் கட்டினார்; 1820-இல் ஸர் பட்டம் பெற்றார். மாளிகைக்கு நிலம் சேர்க்கும் ஆசை அளவு கடந்தது. 1826 ஜனவரியில் அவருடைய பதிப்பாளரும் அச்சகமும் ஒருங்கே வீழ, ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் அவர் தலைமேல் விழுந்தது. நொடிந்தவரென்று அறிவித்துத் தப்ப அவர் உடன்படவில்லை. எழுதியே அடைப்பதென்று உறுதி கொண்டார். அவ்வாண்டு மே மாதம் மனைவியாரும் இறந்தார். ஒன்பது பாகத்தில் நெப்போலியன் வரலாறும் கதைகளும் ஓய்வின்றி வெளிவந்தன. உடல் தளர்ந்து வாதநோய் தாக்கியது.

அரசாங்கம் ‘பார்ஹம்’ என்னும் போர்க்கப்பலை அவருக்கென ஒதுக்கியது. 1831 அக்டோபரில் அதிலேறி மால்டாவுக்கும் நேப்பிள்ஸுக்கும் சென்றார். மத்தியதரைக் கடலின் இதமான காற்றும் பயன்படவில்லை. ஐரோப்பா வழியே திரும்புகையில் மீண்டும் நோய் தாக்கிற்று. லண்டனிலிருந்து நீராவிக் கப்பலில் கிடத்தி, லீத்தை அடுத்த நியூஹேவன் துறையில் அவரை இறக்கினர். பதினெட்டாண்டுகட்கு முன் ‘பேரோஸ்’ புறப்பட்ட கரை அது. அவர் உணர்விழந்திருந்தார். 1832 செப்டெம்பர் 21-ஆம் நாள் ஆபட்ஸ்போர்டில் உயிர் நீத்தார். டிரைபரோ மடாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் மருமகன் லாக்ஹார்ட் 1837-இல் வெளியிடத் தொடங்கிய வாழ்க்கை வரலாற்றில் அக்கடற்செலவின் நாட்குறிப்பு முழுதும் அச்சேறியது. அந்நூலின் ஊதியமும் கடன்காரர்க்கே சென்றது. 1847-இல் ஸ்காட்டின் கடன் முற்றும் தீர்ந்தது.